மல்லாவியிலிருந்து ஒரு கேள்வி: நெட்வேர்க்கிங் படிக்கலாமா, எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: "மல்லாவியிலிருந்து எழுதுகிறேன் அக்கா. உயர்தரம் தொழில்நுட்பப் பிரிவில் எடுத்தேன், மூன்று பாடமும் சித்தி. இசட் புள்ளி கம்பஸுக்குக் காணுமோ தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வகுப்பில் ஆறு மாதத்தில் சி.சி.என்.ஏ. என்ற நெட்வேர்க் சான்றிதழை முடித்துத் தருகிறோம் என்கிறார்கள், காசு கனக்க. பொம்பிளைப் பிள்ளை தூணில் ஏறுகிற வேலைக்கா போகப் போகிறாய் என்று அம்மா கேட்கிறா. பட்டம் இல்லாமல் இந்தத் துறையில் நிற்க முடியுமா? வன்னியில் இருந்துகொண்டே வேலை கிடைக்குமா?"

தங்கச்சி, வகுப்புக் காசை இப்போதைக்குக் கட்டாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆறுதலாகக் கதைப்போம்.

நான் கிளிநொச்சியில் இருந்து நெட்வேர்க் வேலை, அதாவது கணினிகளை ஒன்றோடொன்றும் இணையத்தோடும் இணைக்கிற வலையமைப்பு வேலை செய்பவள். பள்ளிக்கூடம், வைத்தியசாலை, கடை, அலுவலகம் என்று வன்னி முழுக்க அலைந்திருக்கிறேன். இந்தத் தொழில் என்னவென்று யாராவது கேட்டால் நான் ஒரு பள்ளிக்கூடத்துக் கதையைத்தான் சொல்வேன். முல்லைத்தீவுப் பக்கம் உள்ள பள்ளிக்கூடம். கணினி அறையில் காலையில் இணையம் நன்றாக இருக்கும். பத்து மணி தாண்டினால் அறும், இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகத் திரும்ப வரும். மத்தியானமும் அதே கதை. இணைப்புக் கொடுத்த கம்பனிக்குப் பல தடவை போன் எடுத்து, ஆள் வந்து, ரவுட்டரையும் மாற்றிவிட்டுப் போனார்கள். பழுது போகவில்லை.

நான் போன நேரம் இணைப்பு அறுந்து அப்போதுதான் திரும்ப வந்திருந்தது. அறைக் கணினிகளை எல்லாம் ஒன்றாக இணைக்கிற பெட்டிதான் சுவிட்ச். மடிக்கணினியை அதில் மாட்டி 'ஷோ வெர்ஷன்' என்ற கட்டளையைக் கொடுத்தேன். சுவிட்ச் இயங்கத் தொடங்கி 4 நிமிடம்தான் என்று காட்டியது. அதாவது வெளியிலிருந்து வரும் இணையம் அறுந்துபோகவில்லை. உள்ளே இருக்கிற சுவிட்ச் அணைந்து அணைந்து எழும்புகிறது. ஏன்? அதிபரின் அறைக்கு வெளியே கதிரை போட்டு மத்தியானம் வரை இருந்தேன். காவலாளி ஐயா கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர்ப் பம்பைப் போட்டார். மின்விசிறி ஒரு கணம் தளர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் சுவிட்சின் லைட் எல்லாம் அணைந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப எரிகிறது. மோட்டர் எழும்பும்போது மின்னழுத்தம் இறங்குகிறது, அந்த இறக்கத்தைச் சுவிட்ச் தாங்கவில்லை. இடைவேளைக்கு முன் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை தொட்டி நிரப்புகிறார்கள். ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்கி வைத்தோம், அதோடு சரி.

இதில் நான் செய்தது பெரிய வித்தை இல்லை. பழுது எந்தப் படியில் இருக்கிறது என்று கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவதுதான் இந்தத் தொழில். கரண்ட் வருகிறதா, கேபிள் சரியா, சுவிட்சின் வாயில் லைட் எரிகிறதா, வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டுகிற எண்ணான ஐபி முகவரி அதற்குக் கிடைத்ததா, ரவுட்டரைத் தொட முடிகிறதா, அதற்கு வெளியே போக முடிகிறதா, பெயரை முகவரியாக மாற்றுகிற டி.என்.எஸ். வேலை செய்கிறதா. 8.8.8.8 என்ற கூகிளின் முகவரிக்குப் பிங் என்ற சோதனைச் செய்தி போய் வருகிறது, ஆனால் தளத்தின் பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை என்றால், கேபிளை மாற்றிப் பயனில்லை, டி.என்.எஸ்.ஸைப் பாருங்கள். இந்த ஒழுங்கு கைக்குள் வந்தவரைத்தான் வேலை கொடுப்பவர்கள் தேடுகிறார்கள். பட்டமும் சான்றிதழும் அந்த ஆளை நேர்முகத் தேர்வின் வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே போனபின் கேட்பது, "இணையம் இல்லை என்று ஒருவர் சொல்கிறார், முதலில் என்ன பார்ப்பீர்கள்?" என்றுதான். என்னையும் கேட்டார்கள். நானும் இப்போது மற்றவர்களைக் கேட்கிறேன்.

சரி, படிப்புக்கு வருவோம். கம்பஸ் கிடைக்காது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று இடம் பிரிக்கிறார்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நாலுமே அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உங்கள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைப் பாருங்கள். விண்ணப்பக் கையேட்டை வடிவாக வாசித்து, விருப்ப ஒழுங்கை யோசித்து நிரப்புங்கள். ஒழுங்கைப் பிழையாகப் போட்டு விரும்பாத துறைக்குள் போய்ச் சிக்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பம்பைமடுவில் இருக்கிற வளாகம் முன்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்தது. 2021 ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து அது தனியான வவுனியாப் பல்கலைக்கழகம். அங்கே தொழில்நுட்பக் கற்கைகள் பீடத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் (ஐ.சி.ரி.) பட்டம் உண்டு. தொழில்நுட்பப் பிரிவில் மூன்றாவது பாடமாக ஐ.சி.ரி. எடுத்திருந்தால் உங்களுக்குப் பொருந்துகிற கதவு அதுதான். கணிதப் பிரிவு எடுத்த பிள்ளைகளுக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, அங்கே கணினிப் பொறியியலும் உண்டு. பல்கலைக்கழகத்துக்குள் போனால் ஒன்று செய்யுங்கள். இலங்கையின் பல்கலைக்கழகங்களை ஒன்றோடொன்று இணைப்பது லேர்ன் என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு. உங்கள் வளாகத்தில் அந்த இணைப்பைப் பராமரிக்கிற ஆட்களிடம் போய், கேபிள் சுற்றவாவது என்னையும் கூப்பிடுங்கள் என்று கேளுங்கள். விரிவுரையில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

கம்பஸ் கிடைக்கவில்லையா, அதே அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016இலிருந்து இயங்குகிறது. வாகனம், மின்சாரம், கட்டுமானம் என்று பல துறைகளோடு தகவல் தொழில்நுட்பமும் உண்டு. கொடுப்பது என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். இந்த என்.வி.கியூ. முறையைப் பெற்றோர் பலர் கணக்கில் எடுப்பதில்லை, "படிக்காத பிள்ளை போகிற இடம்" என்கிறார்கள். எனக்கு மனம் கொதிக்கிற இடம் இது. என்.வி.கியூ.வில் மொத்தம் 7 மட்டங்கள். 4 வரை சான்றிதழ், 5 டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். 5ஆம் மட்டம் முடித்தவர் இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யுனிவோடெக்குக்கு விண்ணப்பித்துப் பட்டம் வரை ஏறலாம். அது அடைபட்ட ஒழுங்கை இல்லை, சுற்றிப் போகிற றோட்டு, அவ்வளவுதான். என்னோடு வேலை செய்கிறவர்களில் ஃபைபர் வேலையில் மிகச் சுத்தமான கை ஒரு என்.வி.கியூ. பிள்ளையின் கை. இந்த வருடம் எந்த மட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். மல்லாவியிலிருந்து அறிவியல் நகர் பெரிய தூரம் இல்லைத்தானே.

வேலை செய்துகொண்டு பட்டம் எடுக்க விரும்பினால், கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.ரி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. முதல் வருடம் முடித்து நின்றால் டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு நின்றால் உயர் டிப்ளோமா, மூன்றும் முடித்தால் பட்டம். இடையில் வீட்டுக் கஷ்டத்தால் நிறுத்த வேண்டி வந்தாலும் கையில் ஏதோ ஒன்று நிற்கும் என்பதால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்வது வழக்கம். ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒன்று. இந்தத் தொழிலுக்குத் தேவையானது மேடையில் பேசுகிற ஆங்கிலம் இல்லை. பழுதுச் செய்தியை வாசித்து விளங்குவது, கையேட்டில் தேவையான பந்தியைத் தேடிப் பிடிப்பது, "இத்தனை மணிக்கு இது நடந்தது, இதைச் செய்து பார்த்தோம், இன்னும் சரிவரவில்லை" என்று நாலு வரி மின்னஞ்சல் எழுதுவது. ஒரு வருடம் தினமும் அரை மணித்தியாலம் கையேடு வாசித்தால் அந்த ஆங்கிலம் வந்துவிடும்.

இனி சி.சி.என்.ஏ. அது சிஸ்கோ கம்பனியின் தொடக்கச் சான்றிதழ். 2020 பெப்ரவரியிலிருந்து 200-301 என்ற ஒரே பரீட்சை, 120 நிமிடம், கட்டணம் 300 டொலரும் வரியும். எடுத்தால் 3 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். இதில் கவனியுங்கள்: எந்த வகுப்புக்கும் போகாமலே இந்தப் பரீட்சையை எழுதலாம். வகுப்புக்குப் போனதற்கான கடிதம் யாரும் கேட்கமாட்டார்கள். பாடத்திட்டம் வெளிப்படையாகவே இருக்கிறது. முகவரிகளை வைத்துப் பாதை தீர்மானிக்கிற பகுதிக்குத்தான் கூட, 25 வீதம். அடிப்படைக்கு 20, சுவிட்ச் வேலைகளுக்கு 20, பாதுகாப்புக்கு 15, மிகுதி சேவைகளுக்கும் தானியங்கு வேலைகளுக்கும் பத்துப் பத்து.

நானும் இப்படி ஒரு வகுப்புக்குக் காசு கட்டினவள்தான். 30 பேருக்கு ஒரு ரவுட்டர். மூன்று மாதம் திரையில் படம் காட்டினார்கள், கடைசி மாதம் விடைகளோடு ஒரு வினாத் தொகுதியைத் தந்து பாடமாக்கச் சொன்னார்கள். அப்படிப் பாடமாக்கி எழுதுவது சிஸ்கோவின் விதிக்கு முரண், பிடிபட்டால் சான்றிதழையே இரத்துச் செய்வார்கள். அதைவிடப் பெரிய சேதம் வேறு. பாடமாக்கி எடுத்தவரைப் பழுதுக்கு முன்னால் நிறுத்தினால் கை நடுங்கும். அந்த வகுப்புக் காசு எங்கள் அப்பா ஒரு போக நெல்லை விற்றுத் தந்தது. அதனால்தான் உங்களுக்கு முதல் வரியிலேயே சொன்னேன்.

அந்தக் காசுக்குப் பதிலாகச் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். சிஸ்கோ நெட்வேர்க்கிங் அகடமியின் தளத்தில் பதிந்தால் பக்கெட் ட்ரேசர் என்ற மென்பொருள் இலவசம். ரவுட்டரும் சுவிட்சும் கணினியும் எல்லாம் திரையிலேயே இழுத்துப் போட்டு இணைத்து, உண்மையான கட்டளைகளை அடித்துப் பழகலாம். பழைய மடிக்கணினியிலும் ஓடும், ஒருதரம் இறக்கிவிட்டால் பெரும்பாலான பயிற்சிக்கு இணையம் தேவையில்லை. எங்கள் பிராந்தியத்தின் ஐபி முகவரிகளைப் பகிர்கிற ஏப்னிக் நிறுவனமும் இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது. பிறகு ஒரு கேபிள் சுருள் துண்டு, கொஞ்சம் ஆர்.ஜே.45 முனைகள், முனையை நெரிக்கிற குறடு, மலிவான ஒரு சோதிப்பான். இவ்வளவுதான் முதல்.

கேபிளில் உள்ளே நாலு சோடி வயர், ஒவ்வொரு சோடியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு இருக்கும். முனையில் அடுக்கும் ஒழுங்கு: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். பச்சைச் சோடி பிரிந்து மூன்றாம் ஆறாம் இடங்களில் நிற்பதைப் பாருங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் இது அழகாக இல்லையே என்று சோடி சோடியாக ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் அப்படியே வைத்தால் சோதிப்பானில் எட்டு லைட்டும் ஒழுங்காக எரியும். ஆனால் மூன்றாம் ஆறாம் வயர்கள் வேறு வேறு சோடியாகிவிட்டதால் முறுக்கின் பயன் போய், பக்கத்து வயரின் இரைச்சல் ஏறி, இணைப்பு இழுபடும். ஒரு கடையில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. முனையை லைட்டுக்கு நேரே பிடித்து நிறத்தைக் கண்ணால் பார்க்கிற பழக்கம் அன்றிலிருந்து வந்தது.

கணக்கில் எல்லோரும் தடுமாறுவது முகவரியைப் பிரிக்கிற சப்நெற் கணக்கில். வயலை நினைத்துக்கொள்ளுங்கள். 192.168.10.0 என்ற வலையமைப்பில் 256 முகவரிகள் கொண்ட ஒரு வயல் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குக் கணினி அறை, அலுவலகம், ஆசிரியர்கள், கண்காணிப்புக் கமெரா என்று நாலு துண்டு வேண்டும். வரம்பு கட்டினால் ஒரு துண்டுக்கு 64. துண்டுகள் 0, 64, 128, 192 என்ற எண்களில் தொடங்கும். ஒவ்வொரு துண்டிலும் முதல் எண் துண்டின் பெயருக்கு, கடைசி எண் எல்லோருக்கும் கூவுவதற்கு, மிகுதி 62 பாவிக்கலாம். இதை /26 என்று எழுதுவார்கள். ஒரு துண்டிலிருந்து மற்றத் துண்டுக்குத் தண்ணீர் வரம்பைத் தாண்டிப் போகாது, வாய்க்காலுக்கு வந்து துருசு வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் துருசுதான் ரவுட்டர். எதைத் திறப்பது எதை அடைப்பது என்று அதில்தான் தீர்மானிக்கிறோம், மாணவர் கணினியிலிருந்து அலுவலகக் கணினிக்குப் போக முடியாமல் செய்வதும் அங்கேதான். கமக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இது விளங்காமல் போகாது.

பக்கெட் ட்ரேசரில் இதைக் கட்டி, நீங்களே வேண்டுமென்று ஒரு பிழையைச் செய்து, தம்பியிடம் கொடுத்து இன்னொரு பிழை செய்யச் சொல்லி, அதைக் கண்டுபிடியுங்கள். பத்துத் தடவையில் எட்டுத் தடவை கண்டுபிடிக்க முடிகிறது என்று வந்தபின் பரீட்சைக் காசைப் பற்றி யோசிக்கலாம். கனடாவில் மாமா இருந்தால் அப்போது கேளுங்கள், தருவார். பரீட்சையை வீட்டிலிருந்து இணையவழியிலும் எழுதலாம்தான், ஆனால் கரண்ட் போனால் உங்கள் 300 டொலரும் ஆபத்து. பஸ் ஏறிப் பரீட்சை நிலையத்துக்கே போங்கள்.

வன்னியில் வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் எல்லாப் படியிலும் இல்லை. தொலைத்தொடர்புக் கம்பனிகளும் அவர்களுக்காக வேலை செய்கிற ஒப்பந்தக்காரர்களும் ஃபைபர் இழுக்கவும் டவர் பராமரிக்கவும் ஆள் எடுக்கிறார்கள். வைத்தியசாலை, மாவட்டச் செயலகம், வங்கிக் கிளை, ஆடைத் தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் வலையமைப்பு உண்டு. அரசாங்க வேலைதான் வேண்டுமென்றால் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பச் சேவைக்குப் போட்டிப் பரீட்சை வைப்பார்கள், வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிருங்கள். பெரிய வலையமைப்பை வடிவமைக்கிற வேலையோ, 24 மணித்தியாலமும் கண்காணிக்கிற நொக் வேலையோ வேண்டுமென்றால் இரண்டு மூன்று வருடம் கொழும்புக்குப் போகத்தான் வேண்டும். வளைகுடா நாடுகளிலும் சி.சி.என்.ஏ. என்ற பெயர் தெரியும். அதற்குமேல் சி.சி.என்.பி., பிறகு சி.சி.ஐ.ஈ. என்று இருக்கிறது, கடைசியின் செய்முறைப் பரீட்சை 8 மணித்தியாலம். அதை இப்போது நினைக்கவே வேண்டாம். லினக்ஸ் இயங்குதளமும் கொஞ்சம் பைத்தன் நிரல்மொழியும் பழகுங்கள், அவை எந்தப் படியிலும் உதவும்.

இன்னொன்று. இந்த மண்ணில் வேலை பழகுகிறவருக்குக் கிடைக்கிற அனுபவம் குளிரூட்டிய அறையில் பழகியவருக்குக் கிடைக்காது. ஐப்பசி கார்த்திகை இடியில் ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்கு இழுத்த செம்புக் கேபிள் இரண்டு பக்கத்துச் சுவிட்சையும் எரித்துவிடும். அதனால் கட்டடங்களுக்கு இடையில் ஃபைபர் போடுகிறோம், கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. வயல்வெளிக்கு மேலால் 5 கிலோமீற்றருக்கு வயர்லெஸ் இணைப்புக் கட்டினால், இரண்டு அன்ரெனாவும் ஒன்றையொன்று பார்த்தால் மட்டும் காணாது. 5 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றி எட்டு மீற்றர் அளவு இடம் வேண்டும். வெயில் காலத்தில் நன்றாக இருந்த இணைப்பு மழைக்கு அறுகிறது என்றால், நடுவில் தழைத்து நனைந்து நிற்கிற மரத்தைத் தேடிப் போங்கள். சாமான் இல்லாத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு டைனமோ சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். எங்கள் அப்பா சுற்ற, நாங்கள் சுற்றி இருந்து செய்தி கேட்டோம். அந்தக் கைப்பழக்கம் இந்தத் தொழிலுக்கு நேராகப் பயன்படுகிறது.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். தூணில் ஏறுவது இந்தத் தொழிலின் ஒரு சிறு பகுதி, அதற்கென்று ஏணியும் இடுப்புப் பட்டியும் பழகிய ஆட்களும் இருக்கிறார்கள். ஃபைபர் ஒட்டுவது தரையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து செய்கிற வேலை. தலைமயிர் அளவு கண்ணாடி இழை, 125 மைக்ரோன், அதன் நடுவில் ஒளி போகிற பாதை 9 மைக்ரோன்தான். நேராக வெட்டி, துடைத்து, இயந்திரத்தில் வைத்தால் மின்பொறியில் உருகி ஒட்டும். ஒரு தூசி இருந்தாலும் பிழை. பொறுமையும் சுத்தமான கையும்தான் கேட்கிற வேலை. மிகுதியெல்லாம் கணினிக்கு முன்னால். உண்மையான கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. இரவு முறை வரும். ஒரு கிளையில் இணைப்பு விழுந்தால் ஞாயிற்றுக்கிழமையும் போன் அடிக்கும். ஒரு வேலையிடத்தில், "அக்கா, பொறியியலாளர் எப்ப வருவார்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். வேலையைத் தொடங்கினதும் கேள்வி நின்றுவிட்டது. வேலைக்குச் சேரும்போது இரவில் வீடு திரும்ப வாகன ஒழுங்கு உண்டா என்று கேட்டுச் சேருங்கள், அதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது: உங்கள் இசட் புள்ளியையும் கடந்த வருடம் உங்கள் மாவட்டத்து வெட்டுப்புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு நாள் அறிவியல் நகருக்குப் போய் வாருங்கள். பக்கெட் ட்ரேசரை இறக்கி, மேலே சொன்ன நாலு துண்டுப் பள்ளிக்கூடத்தைக் கட்டுங்கள். கணினி அறையிலிருந்து அலுவலகத்துக்குப் பிங் போகக் கூடாது, இரண்டிலிருந்தும் வெளியே போக வேண்டும். கட்டி முடித்தால் கோப்பை எனக்கு அனுப்புங்கள். நான் அதில் ஒரு பழுதை வைத்துத் திருப்பி அனுப்புகிறேன்.